முழுக்கை

சின்னவள் கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த தையல்காரிக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவளும் இப்படித்தான் காலையில் சுவர் பிடித்தாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று சிரித்த பாவி இவளேதான். முழங்கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி, ஊசி, குழந்தைக்குக்கூட மூட்டுவாதம் வரும் என்கிற செய்தி எல்லாம்.

“பரம்பரைக் கூறு இருந்தா வந்தே தீரும்னு இல்லம்மா. வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்,” என்றிருந்தார் டாக்டர். “உங்க ரெண்டு பேர் வழியிலயும் யாருக்காவது மூட்டு வலி, செதில் செதிலா உதிர்ற தோல் வியாதி இருக்கா? இருந்தா நாங்க பாக்குற விதமே மாறும்.”

வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எங்க வழியில ஒரு தும்மல்கூட கிடையாது டாக்டர்,” என்றார்.

இவளுக்குத் தெரியும். அவருடைய தங்கைக்கு அளவெடுப்பவள் இவள்தானே. வெயில் கொளுத்தினாலும் நாத்தனார் முழுக்கை ரவிக்கைதான் கேட்பாள். முழங்கையெல்லாம் வெள்ளைச் செதில். அண்ணனுக்கே தெரியாது. மாமியார் காதுக்குப் போனால் தன் கதை முடிந்தது என்று கையைப் பிடித்து அழுதிருக்கிறாள். அளவெடுக்கும்போது கண்ணில் படுவதை வெளியே சொல்லக் கூடாது. தெருவில் பாதிப் பெண்களின் தழும்பும் தேமலும் இவள் வாய்க்குள் பத்திரமாக இருந்தன. அந்தத் தொழில் புத்தி டாக்டர் முன்னாலும் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

போனை எடுத்தாள்.

“என்ன அண்ணி, காலங்காத்தால?”

“சின்னவளும் சுவர் பிடிச்சு நடக்குறா. உன் விஷயத்த டாக்டர்கிட்ட சொல்லப் போறேன். கோவிச்சுக்காத.”

சண்டைக்கு வருவாள் என்று இவள் பயந்தாள். வந்ததோ உள்ளே போன குரல்.

“என்னோட நிக்கல அண்ணி. அப்பா விரலெல்லாம் கோணிக்கிட்டு இருந்துச்சே, ஏணியிலேருந்து விழுந்ததுன்னு சொன்னாங்க இல்ல? ஏணியாவது ஒண்ணாவது. எனக்கு முதல்ல நகத்துலதான் ஆரம்பிச்சுது. ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி. பிள்ளைங்க நகத்தப் பாருங்க.”

சின்னவளை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். விளையாட்டென்று நினைத்துக் குழந்தை கையை இறுக மூடிக்கொண்டு சிரித்தது. இவள் கட்டைவிரலைப் பிரித்துப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. அடுத்ததைப் பிரிப்பதற்குள் பெரியவள் நொண்டிக்கொண்டே வந்து, “எனக்கும் பாரும்மா,” என்று பத்து விரலையும் விரித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் பிள்ளை முகம் வாடக் கூடாதென்று இவளே சிவப்புச் சாயம் பூசி அனுப்பிய நகங்கள். சொரசொரவென்று இருக்கிறதே என்று இரண்டு பூச்சாகப் பூசுவாள். சாயம் உரிந்த இடமெல்லாம் குழி குழியாக இருந்தது.

“கண்டுபிடி, கண்டுபிடி,” என்று சின்னவள் மூடிய கையை இவள் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.