உப்பு ஜாடியின் பிடிவாதம்

மாமியார் செத்த மறுநாள் காலை அந்த வீட்டு உப்பு ஜாடி திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. மத்தியானத்துக்குள் மிளகு, சீரகம், மஞ்சள், மிளகாய்த்தூள், சர்க்கரை, எண்ணெய்த் தூக்கு எல்லாம் ஜாடியின் கட்சியில் சேர்ந்துகொண்டன. சாயங்காலம் பார்த்தால் அலமாரியில் அடுக்கியிருந்த நீலக்கரை பீங்கான் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தூணாக நின்றன. மருமகள் முதலில் துரு என்று நினைத்தாள். பீங்கானுக்குத் துரு பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும், வேதியியல் படித்தவள். ஆனாலும் சாவு விழுந்த வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டியிருந்தது, யோசிக்க நேரமில்லை.

அவள் பிறந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் தெருவில் அவளுக்கு டிகிரி என்றே பெயர் விழுந்துவிட்டது. சொல்லும்போது பாராட்டு மாதிரி இருக்கும், கேட்கும்போது குத்தும். குடிநீர் ஆய்வகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. விடிகாலையில் அவள் தெருக்குழாய்களில் பிடிக்கும் தண்ணீர் ஒன்பது மணிக்குள் சோதனைக்குப் போக வேண்டும். தாமதமானால் பாட்டிலுக்குள்ளேயே கிருமி பெருகி, நல்ல குழாய்க்கும் கெட்ட பெயர் வந்துவிடும். ஒழுங்காக நேரத்துக்கு வந்தால் வருஷக் கடைசியில் வேலை நிரந்தரம் என்று ஆய்வகத் தலைவி சொல்லியிருந்தார். அந்த வீட்டில் அவள் பெயரில் இருந்தது அந்த வேலை ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரோ கொடுத்தது, அல்லது யாரோ எடுத்துக்கொண்டது.

வீட்டில் மூன்று ஆண்கள். மாமனார் ஓய்வுபெற்ற மின்மீட்டர் கணக்கெடுப்பாளர். ஊரார் வீட்டுக்குள்ளெல்லாம் புகுந்து மீட்டர் பார்த்தவர், சொந்தச் சமையலறையில் மட்டும் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. கணவன் ஜன்னல் கண்ணாடி அறுத்து விற்கும் கடைக்காரன், பக்கத்துத் தெருவில் கடை, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவான். கொழுந்தன் ஏதோ ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், எந்தப் பரீட்சை என்பது அவ்வப்போது மாறும். மாமனாருக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். கணவனுக்குச் சீரகம் கருகக்கூடாது. கொழுந்தனுக்கு எதிலும் ஒரு கரண்டி சர்க்கரை. டிகிரிக்கு நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்புத் தூவித் தின்னப் பிடிக்கும் என்பதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அவள் விடியும் முன்பே எழுந்து ஜாடியோடு மல்லுக்கு நின்றாள். வெந்நீரில் போட்டாள், கத்தி முனையால் நெம்பினாள், தரையில் தட்டினாள், திட்டினாள். உயிர் போகிற மாதிரி முறுக்கினால் மூடி மயிரிழை விலகி ஒரு சிட்டிகை விழும். அதை வைத்து மூன்று பேருக்கு இரண்டு வேளைச் சமையல். கடையில் புதுப் பாக்கெட் வாங்கி வந்தாள். வாசற்படி தாண்டியதும் பாக்கெட்டின் வாய் தோல்போல வளர்ந்து மூடிக்கொண்டது. ஆய்வகத்துச் சோடியம் குளோரைடைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள், காகிதம் பிரியவில்லை. கணவனிடம் கேட்டாள். அவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மூடியில கொஞ்சம் எண்ணெய் தடவிப் பாரேன்" என்றான். எண்ணெய்த் தூக்கும் திறக்கவில்லை என்று அவள் சொன்னதற்கு, "அப்ப எண்ணெய்த் தூக்குல எண்ணெய் தடவு" என்றான்.

தெருவே வந்து பார்த்தது. தெரு என்றால் தெருப் பெண்கள். இஸ்திரிக்காரி இரண்டு கையாலும் திருகித் தோள்பட்டை பிசகிப் போனாள். விளையாட்டு டீச்சர் ஜாடியைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு முக்கினாள். மாடிவீட்டுக்காரி, "என் மாமியாரும் இப்படித்தான்டி, செத்தும் சாவியை விடலை" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு ஆணைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லலாம் என்று அத்தனை பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. சமையலறை டப்பாவுக்கு ஆணைக் கூப்பிடுவது, பிரசவம் பார்க்க வண்டிக்காரனைக் கூப்பிடுவதுபோல என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அல்லது நினைக்கவே இல்லை.

மாதங்கள் போயின. தட்டு பிரியாததால் மூன்று ஆண்களும் பாத்திர மூடிகளில் சாப்பிட்டார்கள். தினமும் காலையில் மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்லையேம்மா" என்பார். கொழுந்தன், "அண்ணி படிச்ச படிப்புல உப்புப் பாடம் இல்லை போல" என்பான். கணவன் பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சுக்குப் பேச்சே தேவலாம். அவள் வாயில் சோற்றைத் திணித்துக்கொண்டு ஓடுவாள். ஆய்வகத்தில் பத்து நிமிஷம், கால் மணி, அரை மணி என்று தாமதம் வளர்ந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் அவள் கொண்டுபோன பாட்டில்கள் எல்லாம் கெட்டுவிட்டன. தலைவி கோபப்படவில்லை. "இன்னைக்கு லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது. வேற ஆளுங்க வரிசையில நிக்கறாங்க" என்றார்.

அவள் மத்தியானத்தில் வீடு திரும்பியது அதுவே முதல்முறை. மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் முன்னாலும் நீலக்கரைத் தட்டுகள். மாமனார் பேசிக்கொண்டே உப்பு ஜாடியின் மூடியை இரண்டு விரலால், மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறப்பதுபோலத் திறந்து, காலையில் அவள் வைத்துவிட்டுப்போன பருப்பில் தூவினார். கொழுந்தனின் மடியில் சர்க்கரை டப்பா வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவளைப் பார்த்ததும் அவன், "அண்ணி, இன்னைக்குச் சீக்கிரமே..." என்று இழுத்தான். மாமனார்தான் சுதாரித்தார்.

"வாம்மா, உட்காரு. உப்பு வேணுமா?"

"எப்பலேருந்து திறக்குது?"

கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அம்மா போன அந்த வாரமே. சர்க்கரை எடுக்கலாம்னு சும்மா தொட்டேன். திறந்துக்கிச்சு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா தினம் நாங்கதானே திறக்கணும்? திறந்தா விடுவியா? அப்படியே அதைக் கொஞ்சம் கிண்டுங்கம்பே, இதை இறக்குங்கம்பே. எங்க போய் முடியும்?"

"என்கிட்ட நீ கேக்கவே இல்லையேம்மா" என்றார் மாமனார். அதில் பொய் இல்லை.

அவளுக்கு உறைத்தது வேறு. அவள் வேலைக்குப் போனபின் தினமும் அந்தத் தட்டுகளைக் கழுவித் துடைத்துப் பழையபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பருக்கை ஒட்டாமல், ஒரு கறை தெரியாமல். இத்தனை நாளும் இவர்களுக்குப் பாத்திரம் கழுவத் தெரிந்திருக்கிறது. அவள் குனிந்து, மாமனார் அப்போதுதான் லேசாக வைத்த மூடியைத் தொட்டாள். மலையைத் தொட்டதுபோல இருந்தது. கையை எடுத்தாள்.

"நாளைலேருந்து நான் ஏழு மணிக்குக் கிளம்புறேன்" என்றாள்.

முதலில் மாமனார் ஒரு சமரசம் கொண்டுவந்தார். விடியற்காலையில் எல்லா மூடியையும் தானே திறந்து வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். அவள் கை நீண்டபோதே மூடிகள் எழுந்து டப்பாக்களின் வாயை மூடிக்கொண்டன. கரண்டியில் எடுத்துக் கொடுத்த உப்பு கரண்டியோடு கல்லானது. சரி, என்று அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள். அன்று மூவரும் வெறும் ரொட்டி தின்றார்கள். மறுநாளும் ரொட்டி. அதற்கடுத்த நாள் அவள் பாட்டிலுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தபோது கணவனிடமிருந்து போன் வந்தது.

"மஞ்சள் எது, மிளகாய்த்தூள் எது?"

"ஒண்ணு மஞ்சளா இருக்கும்."

"கோவமா பேசாதே. உப்பு எவ்வளவு?"

"நக்கிப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

மாமனார் மீட்டர் பார்க்கிற பழக்கத்தில் அடுப்பின் தீயைக் குனிந்து குனிந்து பார்த்துப் பருப்பு வேகவைக்கக் கற்றுக்கொண்டார். கணவன் காயைக் கண்ணாடி அறுப்பதுபோல அளவெடுத்து நறுக்கினான், ஒரு கத்தரிக்காய்க்குக் கால் மணி ஆனது. கொழுந்தன் பரீட்சையில் மறுபடி தோற்றான், ஆனால் முட்டை நன்றாகப் பொரித்தான். தெருப் பெண்கள் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். இஸ்திரிக்காரி தன் வீட்டு டப்பாக்களைக் கூடையில் கொண்டுவந்து, தொற்றிக்கொள்ளட்டும் என்று அந்த அலமாரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தாள். தொற்றவில்லை. மாமியாரின் படத்தின் முன் நின்று, "எனக்கும் கொஞ்சம் பாருங்கம்மா" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கொடுத்துவைத்தவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டால், உப்புக்கு யாராவது ஒரு ஆண் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவனே தூவி அவனே ஊட்டிவிட்டால்தான் உண்டு. வெந்து கரைந்த உப்பு அவளை விட்டுவிடும், மேலே தூவிய உப்பில் அவள் கை பட்டால் துண்டும் கல்தான். சொந்த வீட்டில் ஒரு சிட்டிகை உப்புக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார வேண்டியிருந்தது. பல நாள் வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துத் தின்றாள்.

அந்த வருஷக் கடைசியில் வேலை நிரந்தரமானது. உத்தரவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கணவன் காப்பி கலந்து வைத்திருந்தான். மாமனார் உத்தரவை வெளிச்சத்தில் பிடித்து எண்களை மட்டும் படித்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தலை" என்றாள். கணவன் சர்க்கரை டப்பாவைத் தொட்டான், திறந்தது. ஒரு கரண்டி எடுத்து, டம்ளரை அவள் வாயருகே பிடித்தபடியே போட்டுக் கலக்கி, கரண்டியை அப்படியே டப்பாவுக்குள் செருகினான். மூடி திறப்பதை இப்போதெல்லாம் யாரும் கவனிப்பதில்லை.

"ஈரக் கரண்டியை உள்ள போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அவள்.