டாக்மாரின் கன்றுக்கறியும் இருபத்துநான்கு குச்சி ஐஸும்

போன வருடம் ஆஸ்டா செய்த குச்சி ஐஸை ஊர்ப் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. ஊர்க் குளிர்வீட்டில் தன் சொந்தப் பெட்டியில் வைத்து மெதுவாக உறையவிட்டதில் சாறெல்லாம் நுனிக்கு இறங்கிவிட்டது. நுனியை உறிஞ்சி முடித்ததும் மிச்சம் வெறும் வெள்ளைப் பனிக்கட்டி. "ஆஸ்டா அத்தை பம்புத் தண்ணிய உறைய வச்சுக் குடுத்துட்டாங்க" என்று கொல்லன் வீட்டுப் பையன் பள்ளி வாசலிலேயே கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். ஆஸ்டாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு வருடமாக அவள் தொண்டையிலேயே நின்றது.

இந்த வருடம் அப்படி விடக்கூடாது என்று இருந்தாள். புளிப்பான ருபார்ப் கீரைத் தண்டுகளைச் சர்க்கரையில் வேகவைத்து வடிகட்டினாள். ஸ்ட்ராபெர்ரியை முள்கரண்டியால் மசித்து அதில் கலந்தாள். கணவன் விகோ தச்சுப் பட்டறையிலிருந்து பீச் மரக் குச்சிகளை இழைத்துக் கொண்டுவந்தான். விளிம்பெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான்.

"உதட்டுல சிலாம்பு ஏறுச்சுன்னா என் பேருதான் கெடும்" என்றான்.

"உன் பேரு கெட என்ன இருக்கு? ஐஸு என் பேருலதான போகுது."

இருபத்துநான்கு சிறிய சாராயக் குவளைகளில் சாற்றை ஊற்றித் தட்டில் அடுக்கி, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஊர்க் குளிர்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

குளிர்வீடு வந்து ஆறு வருடம் ஆகிறது. பால் பண்ணைக்குப் பக்கத்தில் செங்கல் கட்டடம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூட்டுச் சாவியோடு ஒரு பெட்டி. எல்லாருக்கும் பொதுவாகச் சுவரோரம் ஒரு கடுங்குளிர்ப் பெட்டி. புதிதாக வரும் கறியும் பழமும் முதலில் ஒரு நாள் அதில் இறுகிவிட்டுத்தான் அவரவர் பெட்டிக்குப் போகும். அதற்கு ஒரே ஒரு விதி, கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அடுத்தவர் பொட்டலத்தைத் தொடக்கூடாது. திருட்டுக்குப் பயந்து எழுதிய விதி இல்லை. யார் வீட்டுக் கறியில் யார் கை பட்டது என்று பேச்சு வந்துவிட்டால் பிறகு ஊரில் யாரும் யார் வீட்டிலும் காபி குடிக்க முடியாது.

கடுங்குளிர்ப் பெட்டியைத் திறந்தாள். நிறைந்திருந்தது. ஆறு பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலில் 'டாக்மார்' என்று பெரிதாக எழுதியிருந்தது. சனிக்கிழமை டாக்மாருக்கும் ஹோல்கருக்கும் கல்யாண வெள்ளிவிழா. விருந்துக்கான கன்றுக்கறி.

ஆஸ்டா யோசித்தாள். மறுநாள் மதியம் பள்ளிக் கடைசி நாள், பிள்ளைகளுக்கு ஐஸ் கொடுக்க வேண்டும். சொந்தப் பெட்டியில் பன்றிக்கறி அடைத்துக் கிடக்கிறது. ஒரு மணி நேரம் போதும். சாறு பாதி இறுகிக் குச்சி நிற்கும் பதம் வந்ததும் குவளைகளை நெருக்கி அடுக்கலாம், பொட்டலங்களைத் திருப்பி உள்ளே வைக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆறையும் எடுத்து, நடையில் இருந்த பெஞ்சுக்கு அடியில் அடுக்கினாள். மேலே தன் ஏப்ரனைப் போட்டு மூடினாள்.

ஐந்து மணிக்கு வந்தபோது பதம் சரியாக இருந்தது. குச்சிகள் ஒவ்வொன்றும் நட்டுக்குத்தாக நின்றன. கடைசிக் குச்சியைச் செருகும்போது லாரிட்ஸ் உள்ளே வந்தார்.

லாரிட்ஸ்தான் குளிர்வீட்டைப் பார்த்துக்கொள்பவர். ஒரு காலத்தில் பெரிய பண்ணையில் குதிரைக்காரர். டிராக்டர் வந்து குதிரைகள் போனதும் ஊர்க் கமிட்டி அவருக்கு இந்த வேலையையும், பின்னால் ஓர் அறையையும் கொடுத்தது. காலையிலும் மாலையிலும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

"என்ன ஆஸ்டா, ராணுவ அணிவகுப்பு மாதிரில்ல நிக்குது!" என்று குச்சிகளைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு ஒண்ணு உண்டா, இல்ல பல்லு இருக்கறவங்களுக்கு மட்டுந்தானா?"

"உங்களுக்கு ரெண்டு. சப்பிச் சாப்பிடுங்க."

அவர் போவார் என்று காத்திருந்தாள். அவர் போகவில்லை. பென்சிலைச் சீவினார், தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணை எழுதினார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீ மொதல்ல போம்மா" என்றார். பெஞ்சுக்கு அடியில் கிடப்பதை அவர் முன்னால் எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. குதிகாலால் ஏப்ரனை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு போகலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு மகள் யூட்டேவின் உடைக்கு ஓரம் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. தைத்து முடித்தபோது வெக்கை தாங்காமல் தெருவே நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்திருந்தது. இந்நேரத்துக்குக் குளிர்வீட்டில் என்ன வேலை என்று நாலு பேர் கேட்பார்கள். காலையில் முதல் வேலை அதுதான் என்று சொல்லிக்கொண்டாள். காலையில் யூட்டேவுக்குத் தலை பின்ன வேண்டியிருந்தது.

அவள் போனபோது மணி பதினொன்று. ஏப்ரனைத் தூக்கினாள். பொட்டலங்கள் துவண்டு கிடந்தன. காகிதம் ஊறித் தரையில் சிவப்பாகக் கசிந்திருந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அவ்வளவு மோசமில்லை என்று தனக்குத்தானே சொன்னாள். இரண்டாவதை முகரவில்லை. ஐஸை எடுத்துவிட்டு ஆறையும் கடுங்குளிர்ப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். தரையை ஏப்ரனால் துடைத்தாள். கறை முழுதும் போகவில்லை. பெஞ்சை நகர்த்தி மறைத்தாள்.

அன்று மதியம் ஐஸ் நுனியிலிருந்து அடிவரை ஒரே சிவப்பாக இருந்தது. "அத்தை, கல்லு மாதிரி இருக்கு! பல்லு உடையுது!" என்று கொல்லன் பையன் கத்தினான். ஆசிரியர் மனைவி பக்குவம் கேட்டாள். ஆஸ்டா பக்குவம் சொன்னாள். சொல்லும்போது தன் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்மார் கறியை இளக வைத்தாள். மதியத்துக்குள் அவள் சத்தம் தெருவுக்கே கேட்டது. பொட்டலத்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு குளிர்வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மோந்து பாருங்க லாரிட்ஸ்! நல்லா மோந்து பாருங்க! நாளைக்கு அறுபது பேரு வர்றாங்க. இத நான் யாருக்குப் போடறது? குதிரைக்கா? அதுவும் இல்லையே இப்ப!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆஸ்டா பால் பாத்திரத்தோடு பின்னால் நின்றாள்.

"பெட்டி ஒரு ராத்திரி ஓடாம நின்னுருக்கு. நீங்க பாக்கல" என்றாள் டாக்மார். "நோட்டுல எண்ணு மட்டும் அழகா எழுதிருக்கீங்க. பாக்காமயே எழுதறீங்களா?"

லாரிட்ஸ் நோட்டைப் புரட்டினார். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு, இருபது, பதினெட்டு. விரலை வைத்துக்கொண்டே நின்றார்.

"பாத்தேன்னுதான் நெனச்சேன்" என்றார் மெதுவாக. "பாத்துட்டுத்தான் எழுதினேன்னு நெனச்சேன். இப்ப சத்தியம் பண்ணச் சொன்னா, பண்ண முடியல டாக்மார்."

திங்கட்கிழமை கமிட்டி கூடும் என்றார்கள். வேறு ஆளைப் போடப்போகிறார்களாம். வேலை போனால் பின்னால் இருக்கும் அறையும் போகும்.

வீட்டில் யூட்டே ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, நம்ம ஐஸும் அதே பெட்டிலதான இருந்துச்சு? பெட்டி நின்னுருந்தா அதுவும் உருகிருக்கணுமே. கல்லு மாதிரில்ல இருந்துச்சு?"

ஆஸ்டாவுக்குக் காதுமடல் சுட்டது. "ஐஸ் வேற, கறி வேற."

"எப்படி வேற?"

"சொன்னா கேளு. வாய மூடிட்டுச் சாப்பிடு."

"லாரிட்ஸ் தாத்தாகிட்ட இதச் சொன்னா அவருக்குச் சந்தோஷமா இருக்கும்ல?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்!" என்று மேசையில் அடித்தாள். யூட்டே பயந்துபோய்ப் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது, அதற்குப் போய் அதட்டுகிறோமே என்று ஆஸ்டாவுக்குத் தன் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்று மாலை டாக்மார் வீட்டு வாசலில் ஊசியிலைத் தோரணம் கட்டத் தெருவே போனது. ஆஸ்டாவும் போய்க் கிளைகளை எடுத்துக் கொடுத்தாள். டாக்மார் ஜன்னலிலிருந்து, "நீ செஞ்ச ஐஸப் பத்தித்தான் ஊரே பேசுது. விருந்துதான் நாறிப்போச்சு, பிள்ளைங்களுக்காவது நாளைக்குக் கொஞ்சம் செஞ்சு தா ஆஸ்டா" என்றாள். ஆஸ்டா தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையைத் தனியாகக் கழற்றி எறியலாம்போல இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஊர் வழக்கப்படி, எல்லாரும் தோரணத்தடியில் நின்று பாடித் தம்பதியை எழுப்ப வேண்டும். ஆறரைக்கே ஆஸ்டா குளிர்வீட்டின் பின்கதவைத் தட்டினாள். லாரிட்ஸ் நல்ல சட்டை போட்டிருந்தார். ஆனால் செருப்பு மாட்டவில்லை.

"நான் வரல" என்றார். "நேத்து ஏழு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் பதினெட்டுதான். ஆனா பாத்துட்டு வந்து உக்காந்தா, பாத்தனா இல்லையான்னு மறுபடி சந்தேகம் வந்துருது."

ஆஸ்டா நின்றபடியே சொன்னாள். பொட்டலத்தை எடுத்தது, ஏப்ரன், அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது, மறுநாள் திருப்பி வைத்தது. எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. முகர்ந்து பார்த்ததையும் சொன்னாள்.

லாரிட்ஸ் நோட்டை எடுத்துச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் பாத்துருக்கேன்."

"பாத்தீங்க. பெட்டி நிக்கவே இல்ல."

"நான் பாத்துட்டுத்தான் எழுதிருக்கேன்!" குரல் உடைந்தது. பிறகு முகம் சிவந்தது. "மூளை கலங்கிப்போச்சுன்னு நெனச்சேன்டி. நேத்துப் பூரா அப்படித்தான் உக்காந்திருந்தேன். நீ பால் பாத்திரத்த வச்சுக்கிட்டு நின்னியே, நான் பாத்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லல."

"மன்னிச்சுருங்க."

"எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? அங்க போய்ச் சொல்லு."

தோரணத்தடியில் முப்பது பேர் இருந்தார்கள். கொம்பு வாத்தியம் ஒன்று, பாட்டு இரண்டு. ஆஸ்டா வாயை மட்டும் அசைத்தாள். கதவு திறந்தது. டாக்மாரும் ஹோல்கரும் அப்போதுதான் தூங்கி எழுந்தவர்கள்போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். டாக்மாரின் தலைமுடி முழுக்கச் சுருட்டி வாரியிருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும், ரொட்டிக்கும் காபிக்கும் எல்லாரும் படியேறப் போகும்போது ஆஸ்டா பேசினாள்.

"டாக்மார், உன் கறியக் கெடுத்தது லாரிட்ஸ் இல்ல. நான். ஐஸுக்கு எடம் வேணும்னு வெளிய எடுத்து வச்சேன். ராத்திரி பூரா அங்கயே விட்டுட்டேன். கெட்டதுன்னு தெரிஞ்சே திருப்பி உள்ள வச்சேன்."

விகோ கையில் தொப்பியோடு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் இப்போதுதான் தெரிந்தது.

"ஐஸுக்கா?" என்றாள் டாக்மார். "என் இருபத்தஞ்சு வருஷம், உன் குச்சி ஐஸுக்கு எடஞ்சலாப் போச்சா?"

யாரும் சிரிக்கவில்லை.

"நேத்து இந்தத் தோரணத்துக்குக் கிளை எடுத்துக் குடுத்தியே, இதே கையாலதானா?"

"ஆமா."

டாக்மார் அவளைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்தாள். "லாரிட்ஸ் எங்க? யாராவது போய்க் கூட்டிட்டு வாங்க, அவரு வந்தப்புறந்தான் காபி." பிறகு, "மத்தவங்க எல்லாம் உள்ள வாங்க" என்றாள்.

மற்றவர்கள் உள்ளே போனார்கள். விகோ படியில் கொஞ்சம் தயங்கினான். ஆஸ்டா கையை அசைத்து அவனையும் யூட்டேவையும் போகச் சொன்னாள். யூட்டே போகும்போது, "நான் சொன்னது சரிதான?" என்று கேட்டாள். "சரிதான்" என்றாள் ஆஸ்டா.

வாளியும் தேய்க்கும் பிரஷும் எடுத்துக்கொண்டு குளிர்வீட்டுக்குப் போனாள். பெஞ்சை நகர்த்தினாள். கறை காய்ந்து பழுப்பாகியிருந்தது. மண்டியிட்டுத் தேய்த்தாள். ஆசிரியர் மனைவி விருந்துக்கு வெண்ணெய் எடுக்க வந்து, அவளைப் பார்த்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தைத் தாண்டிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் லாரிட்ஸ் வந்தார். சட்டையில் ரொட்டித் துகள். அவள் பக்கம் திரும்பவில்லை. தெர்மாமீட்டருக்கு முன்னால் போய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பதினெட்டு" என்று சத்தமாகச் சொன்னார். நோட்டில் எழுதிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஈரத்தில் கால் வைக்காமல் வெளியே போனார்.

ஆஸ்டா வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி தேய்த்தாள்.