உறவு என்ற கட்டம்

பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி, இறப்புப் பதிவுப் படிவத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் அம்மா 'ஒய்ஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதி, சன்னல் வழியாக நீட்டினாள். அப்பாவின் மூச்சு நின்று இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

மருத்துவமனை குமாஸ்தா அதை அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதினார். "இனிமே விடோன்னுதாம்மா போடணும்."

பக்கத்தில் நின்ற மகளுக்குச் சுருக்கென்றது. அம்மா அசையவில்லை.

"பதினோரு நாளா வார்டு வாசல்ல கெடந்தேனே, அப்ப நான் அவருக்கு யாரு?"

"ஒய்ஃப்தாம்மா."

"அவர் போயிட்டா நான் அவருக்கு யாருமில்லன்னு ஆயிடுமா? வேற ஃபாரம் குடுங்க சார்."

பள்ளிப் பேருந்து ஓட்டி நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரல் அது. பின்னால் வரிசையே கப்சிப் ஆனது. குமாஸ்தா உள்ளே எழுந்து போனார்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஏண்டி, நீயும் ஆபீஸ் போன்ல விடோ விடோன்னு கத்துவியே, அது யாரு?"

மகளுக்கு அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் வேலை. "ஆள் இல்லம்மா. ஒரு பத்தியோட கடைசி வரி மட்டும் தனியா அடுத்த பக்கத்துக்குப் போயிட்டா அப்படிச் சொல்லுவோம். பார்க்க நல்லா இருக்காதுன்னு சரி பண்ணிடுவோம்."

"ஏன், அந்த வரியில என்ன எழுத்துப் பிழையா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? புதுப் பக்கத்துல முதல் ஆளா நிக்குது. உங்கப்பா இருந்தா, அதுக்கு ஜன்னல் சீட் கிடைச்சிருக்கும்பார்."

மகள் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை.

குமாஸ்தா புதுப் படிவத்துடன் வந்தார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். உறவுன்னு கேட்டா ஒய்ஃப்தான்மா."

அம்மா எழுதினாள். பக்கத்தைத் திருப்பினால் 'விண்ணப்பதாரரின் மண நிலை' என்றிருந்தது. மகள் சட்டென்று உள்ளங்கையால் அதை மறைத்தாள். அம்மா அந்தக் கையை மெல்ல நகர்த்தினாள்.

"எழுத்துக் கூட்டிச் சொல்லு."

மகள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். ஐந்து ஆங்கில எழுத்தையும் நிறுத்தி எழுதி முடித்துவிட்டு அம்மா குமாஸ்தாவைப் பார்த்தாள். "இது என் நிலைமை சார். அது உறவு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. நாளைக்கு இன்னொருத்தி வருவா."

அவர் தலையாட்டி முத்திரை குத்தினார்.

பிற்பகலில் தகனம் முடிந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மகள் தேநீரோடு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பதினோரு இரவும் வார்டு வாசல் பெஞ்சில் ஒடுங்கிக் கிடந்த அம்மா, இரண்டு தலையணைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டிலின் குறுக்கே காலை நீட்டி, வாய் லேசாகத் திறந்திருக்க உறங்கிக்கொண்டிருந்தாள்.

மகள் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து, அந்தத் தேநீரைத் தானே குடிக்கத் தொடங்கினாள்.