விலா மாஸ்டரின் நினைவுப் போட்டி

என் அண்ணனுக்கு நினைவுக் கூட்டம் வைக்கப்போவதாக வேட்டை நாய் சங்கத்தார் வந்து சொன்னபோது, கூட்டம் வேண்டாம், போட்டி வையுங்கள் என்று ஒரே போடாகப் போட்டவள் நான்தான். படத்துக்கு முன்னால் நாலு பேர் மாறி மாறி மூக்கைச் சிந்துவதை அவர் இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார். பாதியில் எழுந்து நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போயிருப்பார்.

சங்கப் போட்டிகளுக்கு அவர்தான் நடுவர், அங்கே அவருக்கு விலா மாஸ்டர் என்று பெயர். சுட்டு வீழ்த்திய வாத்தை நாய் வாயில் கவ்விக் கொண்டுவர வேண்டும், ஆனால் கடிக்கக் கூடாது. கொண்டுவந்து கொடுத்ததும் நடுவர் பறவையை வாங்கி, கட்டைவிரலால் இரண்டு பக்க விலாவையும் தடவிப் பார்ப்பார். ஒரு பக்கம் மட்டும் நொறுங்கியிருந்தால் விழுந்த அடியாக இருக்கலாம் என்று விட்டுவிடலாம். இரண்டு பக்கமும் உள்ளே போயிருந்தால் அது பல்லின் வேலை. அந்த நாய் போட்டியிலிருந்து வெளியே. அது ஈனும் குட்டிகளுக்கும் சங்கத்தின் சான்றிதழ் கிடையாது. நாய்க்கு வேறு எதை வேண்டுமானாலும் கற்றுக்கொடுத்துவிடலாம், வாய் மட்டும் இரத்தத்தில் வருவது என்பது அண்ணனின் கட்சி. விருந்துக்குப் போனால்கூட இலையில் விழுந்த கோழியின் விலாவுக்குத்தான் அவர் விரல் முதலில் போகும் என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் இல்லை, நான் பார்த்திருக்கிறேன்.

தோற்ற நாய்க்காரனிடம் ‘உன் நாய் தோற்றுவிட்டது’ என்று அவர் சொன்னதே கிடையாது. அவன் கையைப் பிடித்து, அவன் கட்டைவிரலையே அந்த விலாவில் வைப்பார். அவ்வளவுதான். இப்போது செயலாளராக இருப்பவரின் நாயே ஒரு முறை அப்படி வெளியே போனது. மனிதர் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். மறு வருடம் வேறு நாயோடு வந்து முதல் வரிசையில் நின்றார். என் அண்ணன் மேல் எல்லாருக்கும் இருந்த மரியாதை அங்கிருந்து வந்தது. அவர் தங்கமான மனிதர், யார் மனதையும் நோகடிக்காதவர் என்று இப்போது அளக்கிறார்களே, அதெல்லாம் சும்மா. நன்றாகவே நோகடிப்பார்.

அவர் போனபின் அவருடைய கடைசி நாய் என்னிடம் வந்தது. சீமாட்டி என்று பெயர். ஏரியில் கழுத்தளவு இறங்குவாள், தெருவில் சின்னக் குட்டை இருந்தால் சுற்றிக்கொண்டு போவாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறேன். போக்குவரத்துக் குறிகள் வரைந்த பலகைக்குக் கீழேதான் அவள் படுக்கை. கிளட்சை விடாதே, விடாதே என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, சாயங்காலம் அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவேன். அவளிடம் ஒரு விசில் போதும். இந்த ஒரு வருடம் என்னைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது அவள்தான்.

அண்ணன் முப்பது வருடமாக வளர்த்த வம்சத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். நினைவுப் போட்டியில் தேறினால் குட்டி போடலாம். பிறக்காத குட்டிகளுக்கு அதற்குள் ஆள் வரிசை கட்டிவிட்டது. வரிசையில் முதல் ஆள் எங்கள் கால்நடை டாக்டர். அண்ணனின் நெருங்கிய சிநேகிதர், அன்றைய நடுவரும் அவரே. ஒரு குட்டியை எனக்கென்று நானும் மனதுக்குள் எடுத்து வைத்திருந்தேன். அண்ணன் தூக்கிப் பார்க்காத குட்டியை அவருக்காக நான் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. சின்ன ஆசை இல்லை.

போட்டியன்று சீமாட்டி என் மானத்தைக் காப்பாற்றினாள் என்றுதான் கடைசி வரை நினைத்தேன். துப்பாக்கிச் சத்தத்துக்கு அசையவில்லை. வாத்து ஏரியின் நடுவில் தொப்பென்று விழுந்தது. விசிலுக்குப் பாய்ந்தாள், நாணலைத் தாண்டினாள், கவ்விக்கொண்டு நேராக நீந்தி வந்து என் முன்னால் உட்கார்ந்து கொடுத்தாள். கரையில் கைதட்டல். நான் வாத்தை டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் விரல் ஒரு பக்கம் போனது. மறு பக்கம் போனது. அங்கேயே நின்றது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் ‘சரி’ என்று சொல்லி வாத்தைப் பைக்குள் போடப்போனார். புதிதாக ஓட்டுபவர்கள் எதிலாவது இடித்துவிட்டால் கண்ணாடியைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அந்த முகம் அத்துப்படி.

“அதைக் கொஞ்சம் குடுங்க டாக்டர்,” என்றேன்.

“விழுந்த அடிதான் அக்கா. விடுங்க.”

“தண்ணியில விழுந்துச்சு. எல்லாரும் பாத்தோம்.”

வாங்கித் தடவினேன். இரண்டு பக்கமும் முட்டை ஓடு மாதிரி நொறுங்கிக் கிடந்தது. சீமாட்டி வாலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும், சொன்ன வேலையைச் செய்தாள். செயலாளர் பக்கத்தில் வந்து, நடுவர் வாயால் சரி என்று வந்துவிட்டது, இனிப் பேச்சுக்கே இடமில்லை என்று மென்று முழுங்கினார். டாக்டர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“இன்னைக்கு வேண்டாம் அக்கா. அவரோட மிச்சம்னு நமக்கு இருக்கறது இது ஒண்ணுதான்.”

“இன்னைக்குத்தான் வேணும். அண்ணன் பேர்ல நடத்துறீங்க.”

அவர் கையைப் பிடித்தேன். வராமல் விறைத்துக்கொண்டது. இழுத்து, அவர் கட்டைவிரலை ஒரு விலாவிலும், வாத்தைத் திருப்பி மறு விலாவிலும் வைத்து அழுத்தினேன். கரையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் கலங்கியது, தலை அசைந்தது. சீமாட்டி வெளியே என்று செயலாளர் ஒலிபெருக்கியில் சொன்னார்.

அதோடு விட்டார்களா? ஒரு வாரம் தொலைபேசி ஓயவில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன, காதும் காதும் வைத்த மாதிரி ஓர் ஈற்று எடுத்துக்கொள்ளலாம், மாஸ்டரின் இரத்தம் வீணாகப் போகலாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கோபம் தலைக்கேறியது. மாஸ்டரின் இரத்தத்தில் எது தங்கலாம், எது தங்கக் கூடாது என்று முப்பது வருடம் தரம் பிரித்தவர் மாஸ்டர்தானே. ஆனால் அவர்களைவிட எனக்கு என்னை நினைத்துத்தான் பயம். ராத்திரி படுத்தால் அந்த ஒரு குட்டி கண்ணுக்குள்ளேயே நின்றது. இன்னும் ஒரு மாதம் போனால் நானே சரி என்று சொல்லிவிடுவேன்.

அதனால் அடுத்த திங்கட்கிழமை பாடங்களை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, சீமாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரின் மருத்துவமனைக்குப் போனேன். கருத்தடை செய்ய வேண்டும் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். மேசையில் ஏற்றியதும் சீமாட்டி அவர் முழங்கையை நக்கினாள்.

“ஒரே ஒரு குட்டி, அக்கா. எனக்குக்கூட வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க. போட்டிக்கு வேண்டாம், சும்மா வீட்டுல ஓடிக்கிட்டிருக்கட்டும். இதைப் பண்ணிட்டா அப்புறம் ஒண்ணும் கிடையாது.”

“எனக்கும் வேணும் டாக்டர். உங்களைவிட எனக்குத்தான் வேணும். அதான் இன்னைக்கே வந்துட்டேன். பண்ணுங்க.”

அவர் ஊசியை எடுத்தார். ஊசி ஏறும்வரை அவள் தலையை என் கையில் தாங்கிக்கொண்டிருந்தேன். கண் சொருகியதும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவளைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வண்டியின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் கிளம்பினேன். அண்ணன் இறந்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. இப்போது வீடு வரைக்கும் அழுதேன். வண்டியை நிறுத்தவில்லை.