விளிம்பு வரை நிரப்பாதீர்கள்

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரமாகத் தொடங்கியது. மில்லில் நைட் ஷிப்டை விட்டு நின்ற பிறகு, கிணத்துக்கடவில் பண்ணைக் கருவிகள் விற்கும் கடை ஒன்றுக்கு எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். சின்ன பெட்ரோல் டில்லருக்கு எரிபொருள் ஊற்றி, ஆபத்தில்லாமல் ஸ்டார்ட் செய்வது எப்படி என்பதுதான் விஷயம். 'டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. யார் அப்படி நிரப்புவார்?

இந்தப் பக்கத்தில் எல்லோரும்தான். நல்ல காரியத்தில் குடம் குறையக் கூடாது, படியைத் தலைதட்டி அளக்கக் கூடாது. டேங்க் மட்டும் எப்படிக் குறையும்?

அப்படித்தான் தம்பிதுரை பிறந்தார். பிரசுரம் பாதியில் நிற்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: [தென்னை வரிசைகளுக்கு நடுவே இளவெயில் பொன்னாக…] அடித்துவிட்டேன். வெயிலுக்கு வேறு வேலை இருக்கிறது. பின்னால் வரும்.

2

தம்பிதுரையின் மருமகள் லோகப்பிரியா.* கணவன் சபரீஷுக்கு வெளியூரில் வேலை. தென்னைகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் நிலத்தை உழுது உளுந்து போட வேண்டும் என்று வீட்டில் நச்சரித்து டில்லரை வாங்க வைத்தவள் அவள். மாமனார் வாங்கிக் கொடுத்தாரே தவிர, அவள் ஓட்டுவாள் என்று நம்பவில்லை.

"இன்னிக்கு நீ கிளப்பலீன்னா வண்டி அவிநாசிக்குப் போயிரும், அம்மணி. அங்க நம்ம மாப்பிள்ளை கேட்டுட்டே இருக்காரு."

"கிளப்பிட்டா?"

"கிளப்பிட்டா உன்ற வண்டி. உன்ற உளுந்து."

"அத்தை, கேட்டுக்கிட்டீங்களா? பொறகு மாமா மாத்திப் பேசுவாருங்க."

மாமியார் நாச்சியம்மாள் வண்டிக்குப் போடப் பூ கட்டிக்கொண்டிருந்தார். "கேட்டுச்சு, கேட்டுச்சு. இந்த ஊட்டுல காது கேக்காத ஆளு அவரு ஒருத்தருதான்."

* முதல் பிரதியில் இவளுக்கு ஓர் இன்ஜினியரிங் பட்டம் கொடுத்திருந்தேன். பிடுங்கிவிட்டேன். வண்டியோடு வந்த கையேட்டைப் படிக்கப் பட்டம் தேவையில்லை. உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

3

புது வண்டிக்குப் பூஜை. நல்ல நேரம் முடியப் போகிறது, அதை ஒட்டியே ராகு காலம். இன்ஜின் ஆயிலைச் சரிபார்த்துவிட்டு லோகப்பிரியா ஷூ மாட்ட உள்ளே போனாள். அதற்குள் தம்பிதுரை கேனைத் தூக்கிவிட்டார்.

கழுத்து வரை ஊற்றினார். அப்புறம் இன்னும் கொஞ்சம். பெட்ரோல் வழிந்து இன்ஜின் மேல் ஓடி மண்ணை நனைத்தது. "நெறைஞ்சுது" என்றார் திருப்தியாக. கேனைப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெட்ரோல், கற்பூரம், பிடிவாதக்காரர் ஒருவர். கதை எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன கிடைக்கும்? வேகமாக எழுதினேன்:

[குச்சி உரசியது. நீலமாக ஒரு நாக்கு தரையோடு ஓடி]

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. லோகப்பிரியா வந்துவிட்டாள்.

"மாமா! கொளுத்தாதீங்க!"

"சாமி காரியத்துக்குக் குறுக்க வாரியா?"

"சாமிக்கு இல்லீங்க, பெட்ரோலுக்குக் குறுக்க வாரேன். அதோட ஆவி கண்ணுக்குத் தெரியாதுங்க மாமா. தரையோட ஊர்ந்து வந்து உங்க கையில இருக்கற நெருப்பைப் புடிச்சுக்கும்."

"எத்தன டிராக்டருக்குக் கற்பூரம் காட்டியிருப்பேன், எனக்குச் சொல்றியா?"

"அதெல்லாம் டீசலுங்க."

நாச்சியம்மாள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் தீப்பெட்டி மருமகள் கைக்கு மாறியது.

அப்புறம் அவள் வேலையைத் தொடங்கினாள். மாட்டுக்கு மருந்து புகட்ட வாங்கிய புது சிரிஞ்சால் டேங்கில் மிகுந்ததை உறிஞ்சிக் கேனிலேயே விட்டாள். பெட்ரோல் சூடேறினால் விரியும், அதற்கு இடம் வேண்டும். மூடியை இறுகத் திருகினாள். பெட்ரோல் வால்வை மூடினாள். வழிந்ததைத் துடைத்து, துணியைத் தூரமாக வெயிலில் விரித்தாள். கேனை எட்டியிருந்த சாளைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிழலில் வைத்தாள். சிந்தின இடத்திலிருந்து வண்டியைத் தள்ளிப்போய், தென்னைகளுக்கு நடுவே திறந்த வெளியில் நிறுத்தினாள்.

பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல நேரம் முடியுது, கண்ணு" என்றார் நாச்சியம்மாள்.

"முடியட்டுங்க அத்தை. இன்ஜின் மேல இன்னும் ஈரம் இருக்குது. காயட்டும்."

4

இங்கேதான் அவளைச் சந்தேகித்தேன். உண்மையில் யாராவது உட்கார்வார்களா? எழுப்பிப் பார்த்தேன்: [போதும் என்று எழுந்தாள்.] அவள் எழவில்லை. ஸ்டார்ட் செய்யும் கயிற்றை அவள் கையில் திணித்தேன். கீழே போட்டுவிட்டாள்.

காத்திருப்பது ஒரு சம்பவமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் யாரும் ராகு காலத்தில் ஒரு விதைகூட எடுத்து வைத்ததில்லை. நல்ல நேரம் கண்ணெதிரே கழிய, பந்தயமும் போய்விடுமோ என்றிருக்க, மாமனார் முறைத்துக்கொண்டு நிற்க, ஒரு மருமகள் இன்ஜின் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் கதைகளில் இவ்வளவு துணிச்சலான காரியத்தை யாரும் செய்ததில்லை. அந்தக் கதைகளின் ஆட்கள் எல்லோரும் எரிந்துதான் போனார்கள். எரிப்பது சுலபம்.

வெயில் தன் வேலையைச் செய்தது.

5

ராகு காலம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். நியூட்ரலா என்று பார்த்தாள். சோக் போட்டாள், சுவிட்சைத் தட்டினாள். கயிற்றை மெல்ல இழுத்து, கனம் தட்டியதும் வெடுக்கென்று இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

மறுபடியும் இழுத்தாள். இருமல்கூட இல்லை.

"ராகு உள்ளார ஏறி உக்காந்துட்டான்" என்றார் தம்பிதுரை. "அவிநாசிக்குப் போன் போட்டுரட்டுமா?"

[முதல் இழுப்பிலேயே கிளம்பியது என்றுதான் எழுதியிருந்தேன். அவளே அதை ஏற்கவில்லை.]

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். குனிந்தாள். சிரித்தாள்.

"ராகு இல்லீங்க மாமா. நான் மூடின வால்வு."

திறந்தாள். பெட்ரோல் இறங்கச் சற்றுப் பொறுத்தாள். இழுத்தாள்.

டில்லர் தொண்டையைச் செருமி, உறுமி, விடாமல் ஓடத் தொடங்கியது. தென்னையிலிருந்த மைனாக்கள் மொத்தமாகக் கிளம்பின. சோக்கை மெல்ல எடுத்தாள், சத்தம் சீரானது. நாச்சியம்மாள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறுகையிலிருந்த பூவை வீசிக் கத்தினார்: "ஏனுங்க! இப்பவாவது காது கேக்குதுங்களா?"

லோகப்பிரியா கியரைப் போட்டாள். கத்திகள் மண்ணில் இறங்கின. கறுப்பாக, ஈரமாக, முதல் சால் புரண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன், கூசாமல் சொல்கிறேன், மேசையைத் தட்டினேன்.

6

முடிவுகள்.

அ. தம்பிதுரை கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். [அவரை எனக்குத் தெரியும். கேட்க மாட்டார்.]

ஆ. வண்டி எப்படியும் அவிநாசிக்குப் போகிறது. [முயன்றேன். அவள் கைப்பிடியை விடவில்லை.]

இ. எழுதவில்லை. உங்களுக்கு விட்டுவிட்டேன். முதல் வரிசையை முடித்து அவள் திரும்பி வருகிறாள். வண்டியை அணைத்து, சற்றுத் தள்ளி வந்து, பையிலிருந்த தீப்பெட்டியை மாமனாரிடம் நீட்டுகிறாள். "இங்கிருந்தே காட்டுங்க மாமா. சாமிக்குத் தெரியும்." அவர் தட்டையும் பார்க்கிறார், வண்டியையும் பார்க்கிறார். வாங்குவாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேண்டுமானால் கொளுத்தச் சொல்லுங்கள். எங்கும் பற்றாது. சாளை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: கேன் நிழலில் இருக்கிறது, மூடி இறுக்கமாக.