இடது பக்கத்துப் படம்

காலையில் இந்த வழியாகப் போனபோது அந்தப் பிளக்ஸ் இல்லை. தரங்கம்பாடிவரை சைக்கிள் மிதித்துத் திரும்பி வந்தபோது, சிதம்பரத்தைவிட்டு வெளியேறும் கடலூர் ரோட்டில், டீக்கடையை ஒட்டி இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே விறைப்பாகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். இளவரசி பிரேக்கைப் பிடித்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தாள்.

வலது பக்கம் ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையுமாக இன்றைய இளவரசி. இடது பக்கம் மூன்று வருடத்துக்கு முந்தைய இளவரசி. ஒன்றின் மேல் ‘இன்று’, இன்னொன்றின் மேல் ‘அன்று’. அன்றுக்குக் கீழே அவளுடைய பழைய எடை, சிவப்பு எழுத்தில். நடுவில், இரண்டு படத்தையும்விடப் பெரிதாக, கைகூப்பிச் சிரித்தபடி அவளுடைய அண்ணன் மணவாளன். விடாமுயற்சியால் வென்ற எங்கள் வீட்டு இளவரசியை வரவேற்கிறோம் என்று ஆரம்பித்து, அவருடைய பெயிண்டுக் கடையின் பெயரில் வாசகம் முடிந்தது.

இடது பக்கத்துப் படம் பிச்சாவரத்தில் படகில் எடுத்தது. மடியில் மகள் அனுப்பிரியா உட்கார்ந்திருந்தாள். துடுப்புத் தண்ணீர் முகத்தில் அடித்து இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்த நேரம் பார்த்துக் கணவர் ராஜவேல் எடுத்தார். கேமராவைக் கண்டால் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளிந்துகொள்கிறவள், ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட ஒரே படம் அது. பிளக்ஸில் மகள் இல்லை. வெட்டிவிட்டார்கள். மகளுடைய பின்னலின் நுனி மட்டும் அவள் கையோரம் ஒட்டிக்கொண்டு நின்றது.

அண்ணனுக்கு அவளுடைய உடம்பு எப்போதும் ஊருக்குச் சொல்ல வேண்டிய சமாச்சாரம்தான். பந்தியில் அவள் உட்கார்ந்தால், இவளுக்கு ரெண்டு இலையா போடுங்கப்பா என்பார். அவள் கல்யாணத்திலேயே போட்டோகிராபரைக் கூப்பிட்டு, நல்லாப் பின்னாடி போய் எடு, இல்லன்னா அடங்காது என்றார். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து இரைப்பையை ஒரு முட்டையளவுக்குக் குறுக்கிக் குடலோடு இணைத்தபோது, ஆஸ்பத்திரிக்கு வந்து பழத்தை வைத்துவிட்டு, வராந்தாவில் நின்று ராஜவேலிடம் சொன்னது உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்டது. “வாயக் கட்டத் தெரியாம வயித்த அறுத்துக்கிட்டா. வெளிய சொல்லாதீங்க மாப்ள, கல்லு எடுத்தாங்கன்னு சொல்லிக்கலாம்.”

நடக்கச் சொன்னார் டாக்டர். முட்டி விடவில்லை. மகளின் பள்ளிக்கூடச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைவரை போய் வந்தாள். பிறகு குறிஞ்சிப்பாடி. பிறகு திருவதிகை. மிதிக்கும்போது யாரும் அவளோடு பேசவில்லை; அதற்காகவே இன்னும் தூரம் போனாள். இந்த இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்குக் கியர் வண்டி வாங்கி ஒரு வருடமாகத் தயாரானாள். பொழுது சாய்கிற நேரத்துக்குள் கடலூருக்குத் திரும்பிவிட வேண்டும். குறிப்பிட்ட கடைகளில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும்; இந்த டீக்கடை அதில் ஒன்று. நடுவழியில் யாரும் உதவக் கூடாது, கூடவே வண்டி வரக் கூடாது. அந்த விதிதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

முத்திரை வைக்கும் பையனைத் தேடுவதற்குள் அண்ணன் வந்துவிட்டார். கூடவே கடைத்தெரு ஆட்கள், ஒரு கேமராக்காரர், ஆரத்தித் தட்டோடு அண்ணி லோகநாயகி. சால்வை போர்த்தினார்கள். அவளுக்கு வாயைத் திறந்தால் என்ன வருமென்று தெரியவில்லை. அண்ணன் ஒரு ஜாங்கிரியை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

சர்க்கரை அவளுக்கு ஆகாது. தேங்குவதற்கு இடமில்லாமல் நேராகக் குடலில் இறங்கி ஆளையே சாய்த்துவிடும். தீபாவளிக்குச் சொன்னாள், பொங்கலுக்குச் சொன்னாள், மெதுவாக மறுபடியும் இப்போது சொன்னாள்.

“ஒரு வாய்தான், புள்ள. ஆரத்தி எடுத்துட்டு வாய் இனிக்காம அனுப்பக் கூடாது” என்றார் அண்ணி.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடித்தாள். பாகு தொண்டையில் இறங்கியது. சரியா வரலண்ணே, இன்னொருக்கா என்றார் கேமராக்காரர். அண்ணன் மீதியையும் ஊட்டினார். அட்டையில் முத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி முட்லூர் வருவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை நடுங்கியது. முதுகில் வேர்வை ஊற்றியது. வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல இருந்தது. பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்து படுத்தாள். இது அடங்கும், அடங்கும்வரை படுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளோடு சைக்கிளில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். ஒருவர் நிறுத்தி விசாரித்தார். போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

வெள்ளைக் கார் வந்து நின்றது. கூட வண்டி வரக் கூடாது என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அண்ணன் பின்னாலேயே வந்திருக்கிறார்.

முதலில் பதறினார். தண்ணீர் கொடுத்தார், வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லாரிகள் போயின.

“சைக்கிள டிக்கியில போட்டுக்கலாம்” என்றார் கடைசியில். “ஏசியில படுத்துக்க. கடலூர் முதுநகர் தாண்டி ஓரமா எறக்கிவுடறேன். அங்கேர்ந்து ஓட்டிக்கிட்டுப் போ. எவனுக்குத் தெரியப் போவுது?”

அவள் கண்ணைத் திறந்தாள்.

“கடலூர்ல நம்ம சங்கத்து ஆளுங்க மாலையோட நிக்கிறாங்க இளவரசி. எல்லா குரூப்லயும் போட்டுட்டேன். நீ டயத்துக்குப் போய்ச் சேரலன்னா என் மானம் போயிரும்.”

“ஒன் மானம்” என்றாள்.

எழுந்து உட்கார்ந்தாள். நடுக்கம் குறைந்திருந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ஆனால் இன்னும் நேரம் இருந்தது. இப்போது கிளம்பி நிற்காமல் மிதித்தால் எட்டிப் பிடித்துவிடலாம். ஒரு வருடமாக மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்த கடைசித் தூரம் வடக்கே கிடந்தது. அந்தத் தூரத்துக்கு முடிவில் மாலை. மாலைக்குப் பின்னால் இவர் நிற்பார். சிதம்பரத்தில் அந்த இடது பக்கத்துப் பொம்பளை கழியில் தொங்குவாள், இரவெல்லாம், மழையிலும் வெயிலிலும், கிழியும்வரை. டீ குடிக்க வருகிறவன் எல்லாம் எடையைப் படித்துவிட்டுச் சிரிப்பான். அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அதனால் இன்னும் சிரிப்பான்.

மகளின் சைக்கிளில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தது அந்தப் பொம்பளைதான். டயர் பிதுங்கியது. தெருவே பார்த்தது. இறங்காமல் ஓட்டியது அவள்தான். இந்த மஞ்சள் சட்டைக்காரி அப்புறம் வந்தவள்.

சைக்கிளைத் தெற்குப் பக்கம் திருப்பினாள்.

“ஏ, கடலூரு அந்தப் பக்கம்” என்றார் அண்ணன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் எதிர்க்காற்று இருந்தது. கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு முதலில் கெஞ்சினார், அப்புறம் திட்டினார், அப்புறம் அம்மாவைப் பேச்சில் இழுத்தார். அம்மாவை இழுத்தபோதுதான் அவளுக்குக் கால்களில் முழுப் பலமும் திரும்பி வந்தது.

டீக்கடையில் முத்திரைப் பையன் மேசையை மடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்துட்டீங்களேக்கா, இனிமே போனா டயம் தாண்டிருமே என்றான். தெரியும் என்றாள். பேரை எடுத்துரட்டுமா, என்ன காரணம்னு போட என்று கேட்டான்.

“ஜாங்கிரின்னு போடு.”

கடைக்காரரிடம் பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். முன்பு எந்தப் பெஞ்சிலும் யோசிக்காமல் அவள் ஏறியதில்லை. அண்ணன் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

“காசு குடுத்து அடிச்சதுடி அது. எறங்கு. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அதுக்குத்தான கட்டுன?”

இடது பக்கத்துப் படத்தை மட்டும் வெட்டினாள். ‘அன்று’ என்ற எழுத்தை மேலேயே விட்டாள், எடையைக் கீழேயே விட்டாள். பின்னலின் நுனியை விட்டுவிடாமல் சுற்றிக்கொண்டு வெட்டினாள். கத்தரிக்கோல் மொண்ணை. பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்தாள். கடையில் இருந்தவர்கள் டீயைக் குடிக்காமல் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கேமராக்காரர் கேமராவைத் தூக்கினார். அவள் பார்த்த பார்வையில் இறக்கிக்கொண்டார்.

“இன்னிக்கிருக்கற ஒன்ன விட்டுட்டு, அத எடுத்துக்கிட்டுப் போறியே. அத வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?” என்றார் அண்ணன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பது குரலில் தெரிந்தது. அவளை எப்போதும் சுட்டது ஜாங்கிரியோ பிளக்ஸோ இல்லை, இதுதான் என்று தோன்றியது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இந்த மனிதருக்குப் புரிந்ததில்லை. இனி சொல்லிப் புரியவைக்கிற வேலையும் தனக்கில்லை.

“வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றாள்.

சுருட்டிய படத்தைச் சால்வையால் ஹேண்டில் பாருக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினாள். ராஜவேலுக்குப் போன் செய்து, லேட்டாகும், எதிரில் வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்றாள். என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். வந்து சொல்றேன் என்றாள். சரி, பாத்து வா என்றார்.

மறுபடியும் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது பின்னால் திரும்பிப் பார்த்தாள். கார் இல்லை. கோபம் அப்படியேதான் இருந்தது; அது இறங்குமென்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. கியரை ஒன்று கூட்டிப் போட்டுக்கொண்டு மிதித்தாள். காற்றில் பிளக்ஸின் ஓரம் ஹேண்டில் பாரில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.