எர்மெலிந்தா முற்றத்துக் கிரகணம்

சான் மெலித்தோன் ஊரைப் பிடித்த சந்திர கிரகணம் மற்ற வீடுகளை விடிவதற்குள் விட்டுவிட்டுப் போனது. எர்மெலிந்தா வீட்டு முற்றத்தில் மட்டும் தங்கிவிட்டது. தெருவில் வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அந்த நான்கு சுவருக்குள் செம்பு நிறத்தில் அரையிருட்டு. நிமிர்ந்து பார்த்தால் செங்கல் நிறத்தில் நிலா, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். கோழிகள் முதல் வாரம் முழுக்கத் தூங்கின. பிறகு அலுத்துப்போய் மாதா கோயில் மணியைக் கேட்டு முட்டையிடப் பழகிக்கொண்டன. பாதிரியார் இரண்டு தடவை தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். மின்சார ஆபீஸ்காரன் வந்து, மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

தப்பு ரிப்பனில் இருந்தது. வெராக்ரூஸ் மலைப்பக்கத்தில் கிரகணம் வந்தால் பழமரங்களுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள், பிஞ்சு உதிராமல் இருக்க. பிள்ளைத்தாய்ச்சிகள் வயிற்றுக்கு நேரே இரும்பு ஊக்குக் குத்திக்கொள்வார்கள், அதுவும் உதிராமல் இருக்கத்தான். ரிப்பனை ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி கட்டி, விடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். வந்த கிரகணம் போக வழி வேண்டாமா? அந்த நவம்பரில் வானொலி ஜோசியர் தோன் எலூத்தேரியோ, காப்பிக்கொட்டை விலை நிலவரத்துக்கும் லாட்டரி முடிவுக்கும் நடுவில், தினமும் எச்சரித்துக்கொண்டிருந்தார். கிரகணம் ரிஷபத்தில் பிடிக்கிறது, ரிஷபக்காரர்கள் இறுக்கிப் பிடித்திருப்பதை விடவேண்டி வரும், சந்திர கிரகணம் முடித்துவைக்கிற கிரகணம், அதன் நிழலில் எதையும் தொடங்காதீர்கள் என்றார். எர்மெலிந்தா ரிஷபம். வயிற்றில் ஆறு மாதம். முந்தின கிரகணத்தில் அசட்டையாக இருந்து, ஒரே இரவில் ஆரஞ்சு மரத்தின் பிஞ்சுகளையும் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்துப் பறிகொடுத்தவள். அதனால் இந்தத் தடவை பயத்தில் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கிவிட்டாள். கிரகணம் மரத்தோடு மாட்டிக்கொண்டது.

மறுநாள் அவள் கத்தியோடு மரத்தடிக்குப் போனபோது தோன் எலூத்தேரியோவே நேரில் வந்து தடுத்தார். மரத்துப் பிஞ்சும் வயிற்றுப் பிள்ளையும் ஒரே முடிச்சில் நிற்கின்றன, அதைத் தொட்டால் இரண்டும் போகும், பத்தொன்பது வருஷம் கழித்து இதே நாளில் இதே ராசியில் மறுபடி கிரகணம் பிடிக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அடித்துச் சொன்னார். அவ்வளவு நீண்ட பலன் அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கொஞ்சம் பெருமையாகவே வீட்டுக்குப் போனார். அடுத்த குளிர்காலத்தில் சளி பிடித்துச் செத்தும் போனார். அதற்குமேல் யாரிடம் போய்க் கேட்பது?

பெண் குழந்தை பிறந்தது, நல்ல கனமாக, அம்பாரோ என்று பெயர். பிஞ்சுகள் கிளையிலேயே நின்றன. முற்றத்தில் முதலில் முடிந்தது அவள் புருஷன் காஸ்துலோவின் பாசம். அவன் கெட்டவன் இல்லை. ஒரு நாள் காலையில் மரத்தடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவன், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் மாதிரி அவளை ஏற இறங்கப் பார்த்தான். டம்ளரைப் பாதியில் வைத்தான். உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில், "எனக்கு உம்மேல ஒண்ணுமே இல்ல, எர்மெலிந்தா. நேத்து வரைக்கும் இருந்துச்சு" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு அழக்கூட வரவில்லை. தொடங்கிய அழுகையும் அந்த முற்றத்தில் உடனே நின்றுவிடும்.

அந்த முற்றத்துக்குள் வந்தது எதுவும் முடிந்துபோகும் என்று ஊருக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. அப்புறம் வரிசை கட்டி வந்தார்கள். குடியை விட வேண்டியவர்கள், வேண்டாத சம்பந்தத்தை முறிக்க வேண்டியவர்கள், வேலிச் சண்டையில் தாத்தா காலத்திலிருந்து பேசாத பங்காளிகள், விக்கல்காரர்கள். மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பார்கள், காரியம் முடியும், போய்விடுவார்கள். போகிற போக்கில் ராசியாக இருக்கும் என்று ரிப்பனில் ஒரு நூலைக் கிள்ளப் பார்ப்பார்கள். அதனால் அவள் வீட்டைவிட்டு அதிகம் நகர முடியாமல் காவல் இருந்தாள். ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை. அங்கே தொடங்குகிற சிநேகம் அங்கேயே முடியும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வந்த ஆறு நீலக் கோப்பைகளில் ஒன்றில்தான் காப்பிக் கறை ஏறியிருந்தது. தனிமை என்றால் எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் யாராவது கேட்டால், தினமும் பத்துப் பேர் வந்துபோகிற அவள் வீட்டைத்தான் காட்ட வேண்டும்.

பிள்ளை மட்டும் இருந்தது. அதுவும் ஆறு வயதுவரைதான். ஒரு நாள் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த அம்பாரோ தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தாள். அதே பார்வை, வாடகை வீடு பார்க்க வந்த பார்வை. எர்மெலிந்தா அடுத்த பஸ்ஸிலேயே பிள்ளையைத் துறைமுகத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பாசம் தூரத்திலாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மளிகைக்கடைப் போனில் பேசுவார்கள். வரட்டுமா என்று பெண் கேட்கும். வேண்டாம் என்பாள் தாய். திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள்.

பத்தொன்பதாவது வருஷம் கிரகணம் வரவேண்டிய அன்று, மத்தியானப் பஸ்ஸில் அம்பாரோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். வாசற்படியில், வெயில் முடிகிற இடத்தில் நின்றாள். எர்மெலிந்தா மரத்தடியில் இருந்தாள். முடிச்சை எப்போதோ மரப்பட்டை விழுங்கியிருந்தது. மேலே தொங்கிய ரிப்பன் வாலைத்தான் அவள் இத்தனை நாள் காவல் காத்தாள். காலையிலிருந்து கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வெட்டினால் பிள்ளை போய்விடுமோ என்ற பயம் பத்தொன்பது வருஷத்தில் இம்மியும் குறையவில்லை. முற்றத்தில் முடியாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"உள்ள வராத. அங்கயே நில்லு" என்றாள்.

"நின்னு நின்னு காலு வலிக்குதும்மா. என்னை எதுக்குத் தொரத்துன? அதச் சொல்லு மொதல்ல."

எர்மெலிந்தா அந்தப் பார்வையைப் பற்றிச் சொன்னாள். உன் அப்பன் பார்த்த அதே பார்வை, அதைத் திரும்ப ஒரு தடவை தாங்க எனக்குத் தெம்பு இல்லை என்றாள்.

"பசிச்சிருக்கும்" என்றாள் அம்பாரோ. "பசிச்சா எம் மூஞ்சி இப்பவும் அப்படித்தான் போகும். அத்தையக் கேட்டுப் பாரு, தட்டு வர்ற வரைக்கும் அவளயே யாருன்னு கேக்குற மாதிரிப் பாப்பேனாம்."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். தாய் எழுந்திருப்பதற்குள் கையை நீட்டி ஒரு காயைப் பறித்தாள். கிளை குதித்து நின்றது. எர்மெலிந்தா இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பொத்திக்கொண்டாள், அன்று ஊக்குக் குத்தியிருந்த அதே இடத்தில். பெண் விழவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காயைத் திருப்பிப் பார்த்தாள். செம்பு வெளிச்சத்தில் பச்சை எது, பழுத்தது எது என்று இத்தனை வருஷம் யாருக்கும் தெரிந்ததில்லை.

"இது பழுத்து எந்தக் காலமோ ஆச்சு" என்றாள்.

திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்து, உரித்து, ஒரு சுளையை வாயில் போட்டாள். மென்றாள். அப்புறம் தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தாள். அதே பார்வை. இம்மியும் மாறாத, வாடகை வீடு பார்க்க வந்த பார்வை. எர்மெலிந்தாவுக்கு ஓட இடமில்லை. நின்றாள்.

"அம்மா, உப்பும் மிளகாப்பொடியும் எங்க வச்சிருக்க?"

எடுத்து வர உள்ளே போனவள் இரண்டாவது நீலக் கோப்பையையும் கழுவி எடுத்து வந்தாள். அன்று வரவேண்டிய கிரகணம் வந்து, ஊரைப் பிடித்து, நேரத்துக்கு விட்டுவிட்டுப் போனது. முற்றத்தில் இருப்பது இன்னும் அங்கேதான் இருக்கிறது. எதையாவது முடிக்க வேண்டியவர்கள் இப்போதும் போகிறார்கள். அவர்கள் இருவரும் காப்பி குடித்து முடிக்கும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.